நாற்பது நிமிடச் சூடு

சேரனுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். ஒலக்கூர் பக்கத்தில் அவனிடம் அடி வாங்காத உறவு என்று பார்த்தால் அவன் தங்கை ரோஜா ஒருத்திதான். போன வருஷம் பெட்ரோல் பங்கில் குறுக்கே வண்டியை நுழைத்தவனின் முன்பல் ஒன்று அங்கேயே விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தவனும் சேரன்தான். இத்தனைக்கும் அவன் செய்கிற தொழிலுக்கு நிதானம் வேண்டும். சாவு வீடுகளுக்கு ஐஸ் பொட்டி வைக்கிற தொழில் அது.

கண்ணாடி மூடி போட்ட ஆறடிப் பெட்டி. அதை மினி வேனில் ஏற்றிக்கொண்டு போய், அழுகிற கூட்டத்தை விலக்கி, பிளக்கைச் செருகி, பிணத்தைக் கிடத்தி, குமிழைத் திருப்பிவிடுவான். துபாயிலிருந்து மகன் வரவேண்டும் என்பார்கள். "மூணு நாள் தாங்கும்மா, மொகம் மாறாது, நான் பொறுப்பு" என்பான். பத்து வருஷமாகச் செத்தவர்களைத் தொட்டுத் தூக்கியதில் அந்தக் குளிர் அவன் உள்ளங்கைக்கு அத்துபடி. வேறு எதோடும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தான், பாவி.

ரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்த செவ்வாய்க்கிழமை அவன் கண்டாச்சிபுரத்தில் ஒரு சாவு வீட்டில் இருந்தான். ரோஜாவின் புருஷன் பூமாலை போன் செய்தான். திண்டிவனத்து நர்சிங் ஹோமில் பிரசவம் சிக்கலாகி, கடைசி நேரத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம்.

"பாப்பா பொறந்துடுச்சி மச்சான். கொடி கழுத்துல சுத்திக்கினு கொஞ்சம் மூச்சு முட்டிப்போச்சி. விழுப்புரத்துல கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துட்டோம். நீ ஒண்ணும் பதறாத."

பூமாலை நல்லவன், ஆனால் பயந்தவன். டாக்டர் நெடுஞ்செழியன் அவனை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கினார். படம் போட்டுக் காட்டி, கையெழுத்தும் வாங்கினார். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவன் மச்சானிடம் சொல்லவில்லை. குழந்தையை மூன்று நாள் குளிரில் வைக்கப்போகிறார்கள் என்று ஐஸ் பொட்டிக்காரனிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோஜாவின் முதல் குழந்தையை வேறொரு ஊரில், பகல் முழுக்க "பாத்துக்கினு இருக்கோம்" என்றே சொல்லிவிட்டுச் சாயந்திரம் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கைநீட்டி வாங்கியவன் சேரன். தொட்டதுமே தெரிந்துவிட்டது, அது காலையிலேயே போய்விட்டிருக்கிறது. ஆறடிப் பெட்டியின் ஒரு மூலையில் அந்தச் சின்ன மூட்டையை வைத்து, ரோஜா வந்து முகம் பார்க்கிறவரை அவனேதான் காவலிருந்தான். அன்றைக்கு அந்த டாக்டரை அடிக்காமல் விட்டோமே என்ற ஆத்திரம் அவனுக்குள் ஆறவே இல்லை.

புதன்கிழமை மதியம் கண்டாச்சிபுரத்திலிருந்து காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நேராக விழுப்புரம் வந்தான். வழியில் ரோஜா பேசினாள். தையல் போட்ட வயிற்றோடு திண்டிவனத்தில் படுத்திருந்தாள். பெற்ற குழந்தையை அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

"அண்ணே, எல்லாரும் எனுக்குக் கத வுட்றாங்க. நீ போய்த் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு, உசுரோட கீதா இல்லியான்னு. நீ சொன்னாத்தான் நம்புவேன்."

"சொல்றேன்டி. பொய் சொல்லமாட்டேன்."

ஆஸ்பத்திரி மாடியில் பூமாலை கதவோரம் நின்றுகொண்டிருந்தான். சேரனைக் கண்டதும் முகம் வெளிறிப்போய், "உள்ள போவாத மச்சான், சாய்ந்தரம் டாக்டரே சொல்லுவாரு" என்று மறித்தான். அங்கேயே சேரனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கையைக் கழுவச் சொல்லி, முகத்துக்குத் துணி கட்டச் சொல்லி நர்ஸ் பிரபாவதி அவனை உள்ளே விட்டாள்.

குழந்தை உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நீல மெத்தை ஒன்றின்மேல் கிடந்தது. மூக்கில் மெல்லிய குழாய். மெத்தைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு இணைத்த பெட்டி கீழே உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லுவான், கம்ப்ரஸர் சத்தம். குனிந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டான். அதே குளிர். அசைவில்லை. தோல் சாம்பல் பூத்திருந்தது.

"இன்னா சிஸ்டர் இது?"

"குளிர் சிகிச்சைங்க. மூணு நாள் இப்படியேதான் வெச்சிருப்போம். நேத்து மதியம் ஆரம்பிச்சோம், வெள்ளிக்கிழம மதியம் எடுப்போம்." பக்கத்துக் குழந்தைக்கு ஊசி போடுகிற நேரம் அது. இந்தக் குழந்தையின் அப்பாவிடம்தான் எல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று அவள் சுருக்கமாக முடித்துக்கொண்டு திரும்பினாள்.

மூணு நாள். சாவு வீட்டில் அவன் சொல்கிற அதே மூணு நாள். மேலே திரையில் ஏதோ கோடுகள் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் அவன் நம்பத் தயாராக இல்லை, அவன் நம்பியது கையை. அந்தக் கை இப்போது முறுக்கிக்கொண்டது.

"செத்த புள்ளைய ஐஸ்ல போட்டுக்கினு எங்குளுக்கு வித்த காட்டுறீங்களாடா!"

முதல் அடி பூமாலைக்கு விழுந்தது. உள்ளே ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தவனின் உதடு கிழிந்து, ரத்தம் சுவரில் தெறித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர் "மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்று இரண்டு கையையும் உயர்த்தினார். சேரன் குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியைப் பிடுங்கி அவர் முகத்தில் இறக்கினான். புருவம் பிளந்து கண் முழுக்க ரத்தம் வழிய அவர் மேஜையோடு சரிந்தார். சுவரோரம் இருந்த மருந்து ஃபிரிட்ஜைச் சேரன் ஒரே தள்ளில் கவிழ்த்தான். கண்ணாடிச் சீசாக்கள் தரையெல்லாம் நொறுங்கின. மற்ற குழந்தைகளின் அம்மாக்கள் அலறிக்கொண்டு தங்கள் தொட்டில்களை உடம்பால் மறைத்துக்கொண்டார்கள். அவன் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

பிரபாவதி மட்டும் ஓடவில்லை. குழந்தையின்மேல் பாரம் படாமல் வளைந்து, மெத்தைச் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மோதிர விரலைப் பின்பக்கமாக மடக்கியபோது அது முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அவள் வீறிட்டாள், ஆனாலும் இடது கையை எடுக்கவில்லை. இடுப்பில் ஓர் உதை கொடுத்தான். கீழே விழுந்தவள் வலியைப் பற்றிக் கத்தவில்லை.

"சூடு பண்ணிடாத! கொழந்தைய சூடு பண்ணிடாத!" என்றுதான் கத்தினாள்.

அது அவன் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. கம்ப்ரஸர் பெட்டியைக் காலால் மிதித்து நசுக்கினான். குழாய் பிய்த்துக்கொண்டு ஜில்லென்ற தண்ணீர் தரையில் ரத்தத்தோடு கலந்து ஓடியது. குழந்தையின் மூக்கிலும் உடம்பிலும் ஒட்டியிருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தான். வாரி எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான். கீழே தடுத்த வாட்ச்மேனை முழங்கையால் தாக்க, அவர் நாலு படி உருண்டார்.

வேன் கத்திரி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஏறிக் கதவைப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். உள்ளே அடுப்பு கணக்காக அனல். குழந்தையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். அந்த முரடன் அழுததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரோஜாதான். பொய் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டான், உண்மையை எப்படிச் சொல்வது? போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, செத்த குழந்தைக்கு ஒரு தடவையாவது சூடு கொடுப்போம் என்று உட்கார்ந்திருந்தான். வெளியே கூட்டம் சேர்ந்து கதவைத் தட்டியது, உள்ளே குழந்தை இருந்ததால் கண்ணாடியை உடைக்கத் தயங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வேர்வை அவன் மார்பிலிருந்து குழந்தையின் முதுகில் வழிந்தது.

அரைமணி நேரம் தாண்டியிருக்கும். அவன் வயிற்றில் ஏதோ உரசியது. ஒரு கால் விரல். கழுத்தோரம் இளஞ்சூடாகக் காற்று பட்டது. குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது!

சேரனுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, "ரோஜா, உசுரோட கீதுடி! உசுரோட கீற புள்ளைய ஐஸ்ல போட்டு வெச்சிருந்தானுங்க, பாவிங்க! நான் தூக்கியாந்துட்டேன். இதோ உங்கிட்டதான் வர்றேன்!" என்று கத்தினான். மறுமுனையில் ரோஜா வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்.

வண்டியைக் கிளப்பினான். ஆஸ்பத்திரிக் கூட்டம் முன்னால் மறித்தது. அவர்களுடைய குழந்தைகள் இருக்கிற அறையில்தான் இவன் வெறியாட்டம் ஆடியிருக்கிறான், சும்மா விடுவார்களா? ஒரு கல் வந்து முன் கண்ணாடியில் விரிசல் விட்டது. இறங்கி நாலு பேரைச் சாய்த்துவிட்டுப் போவோமா என்று கதவில் கை வைத்தான்.

அப்போது குழந்தையின் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது.

பிடித்தான், நிற்கவில்லை. கால் சைக்கிள் மிதிக்கிற மாதிரி சுழன்றது. வாய் வெறுமனே சப்பியது, கண் மேலே செருகியது, உதட்டைச் சுற்றி நீலம் பரவியது. "இன்னாண்ணே? ஏன் பேசமாட்டேன்ற?" என்று போனில் ரோஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். சூடு பண்ணிடாத என்று பிரபாவதி கத்தியது இப்போதுதான் அவன் புத்திக்கு எட்டியது.

கதவைத் திறந்து இறங்கினான். காத்திருந்த கூட்டம் பாய்ந்தது. யாரோ கழுத்தில் குத்தினார்கள், யாரோ கட்டையால் முதுகில் போட்டார்கள், செருப்பு ஒன்று காதில் அறைந்தது. இரண்டு கையிலும் குழந்தை. வாழ்நாளில் முதல்முறையாகத் திருப்பி அடிக்காமல், குழந்தையின்மேல் கவிழ்ந்து, அத்தனையும் முதுகில் வாங்கிக்கொண்டு படியேறினான். அறை வாசலில் முழங்காலிட்டு விழுந்தவன், குழந்தையை விடாமல் முழங்காலாலேயே நகர்ந்து நர்ஸின் முன்னால் போனான்.

பிரபாவதி முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கட்டோடு எழுந்து, "குடு இங்க" என்று குழந்தையைப் பிடுங்கினாள். டாக்டர் ஒரு கண்ணைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே வந்து ஊசி போட்டார். வலிப்பு வெட்டு மெல்ல மெல்ல அடங்கியது. சூடு பார்த்தார்கள். முப்பத்து மூன்றரை டிகிரியில் நிற்கவேண்டியது முப்பத்தெட்டைத் தொட்டிருந்தது.

"எவ்ளோ நேரம் வெச்சிருந்த?" என்று பிரபாவதி கேட்டாள்.

"நாப்பது நிமிஷம் இருக்கும்மா. உசுரு வந்துடுச்சின்னு நெனச்சேன்..."

"உசுரு போகவே இல்லடா, மடையா!" பேச்சுக்கு நடுவிலும் அவள் கை வேலையை விடவில்லை. "மூச்சு முட்டினா மூளையில செல்லுங்க செத்துப்போவும். இனிமே வளரவேண்டியதுக்கெல்லாம் தாயா இருக்கிற செல்லு அதுல கீது, ஸ்டெம் செல்லுன்னுவாங்க. வெதைக்குன்னு எடுத்து வெக்கிற மல்லாட்டக் கொட்டைன்னு வெச்சிக்கோ. பொறக்கும்போதே அதுல எவ்ளோ போச்சோ தெரியாது. மிச்சமாவது தப்பிக்கட்டும்னு குளிர்ல தூங்க வெச்சிருந்தோம். சூடு ஏறினா அது ஒண்ணொண்ணா சாவும். நீ நெஞ்சுல வெச்சிக் கொஞ்சினியே, அதான் பண்ண."

யாரும் அவனை இப்படிப் பேசிவிட்டு நின்றதில்லை. அவளைத் தொடக்கூட அவனுக்குக் கை எழவில்லை.

"மெஷின் போச்சு. இன்னும் ரெண்டு நாள் பாக்கி. புதுச்சேரிக்கு அனுப்பினா வழியிலயே மறுபடியும் வெட்டு வரும்" என்றார் டாக்டர். "இப்பவே குளுத்தணும். ஒடம்பச் சுத்தி வெக்க ஜெல் பேக் இருக்கு, ஆனா அத ஜில்லுனு வெச்சிக்க ஃபிரிட்ஜ்..." கவிழ்ந்து கிடந்த ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை நிறுத்தினார்.

"எங்கிட்ட பொட்டி கீது சார்" என்றான் சேரன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். என்ன பெட்டி என்று வேனைப் பார்த்த யாருக்குத் தெரியாது? தூ என்று ஒரு அம்மா காறித் துப்பினாள். ஆனால் பிரபாவதி முகத்தைச் சுளிக்கவில்லை. "பேக்கு கல்லாயிடக்கூடாது. கல்லா வெச்சா கொழந்த தோலு வெந்துடும். உறையாம ஜில்லுனு நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கும் சிஸ்டர். ரெண்டாம் நம்பர்ல வெச்சா உறையாது. அதுக்கு மேல வெச்சாத்தான் தோலு பொரிஞ்சிடும். எனுக்குத் தெரியும்."

போலீஸ் அதற்குள் மாடிக்கு வந்துவிட்டது. ஏட்டு வந்ததும் வராததுமாகச் சேரனின் கன்னத்தில் ஓர் அறை விட்டுச் சட்டையைப் பிடித்தார். "பொட்டியை வெச்சிட்டு இட்டுக்கினு போங்க" என்றார் டாக்டர். உதடு கிழிந்த பூமாலை ஒரு பக்கம், உடம்பெல்லாம் சிராய்த்த வாட்ச்மேன் மறுபக்கம் பிடிக்க, சேரன் பெட்டியை மாடியேற்றினான். ஸ்பிரிட் ஊற்றி மூலைமுடுக்கெல்லாம் மூன்று தடவை துடைத்தான். முதல் குழந்தையை வைத்த அந்த மூலையைத் துடைக்கும்போது அவன் கை தயங்கியது. பிளக்கைச் செருகி, குமிழை இரண்டில் நிறுத்தினான்.

"மூடிய அடிக்கடி தொறக்காதீங்க. ஒரு வாட்டிக்கு நாலு பேக்கு எடுங்க. கரண்ட் போச்சின்னா வேன்ல ஜெனரேட்டர் கீது, மாப்ளைக்குப் போடத் தெரியும்."

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனில் அவனைக் கவனித்த கவனிப்பில் இரண்டு நாள் நிமிர்ந்து உட்காரமுடியவில்லை. வியாழக்கிழமை கோர்ட்டில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். உள்ளே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மூணு நாள் என்பது இத்தனை நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை பூமாலை பார்க்க வந்தான். அந்த நர்ஸ் அம்மா முறிந்த விரலோடு வீட்டுக்குப் போகாமல் இரண்டு நாளும் பக்கத்திலேயே நின்று பேக் மாற்றினாளாம். அப்புறம் மணிக்கு அரை டிகிரியாகச் சூடேற்றினார்களாம்.

"அழுதிச்சி மச்சான். பால் குடிக்குது" என்று சொல்லிவிட்டு, "ரோஜா உன்னப் பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா" என்றும் சொன்னான்.

ஜாமீனில் வெளியே வந்த பிறகும் ரோஜா அவனோடு பேசவில்லை. கேஸ் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் கோர்ட் வராந்தாவில் டாக்டரைப் பார்த்தான். புருவத்தின் குறுக்கே தழும்பு தடித்திருந்தது. பக்கத்தில் பிரபாவதி நின்றாள். அவளுடைய மோதிர விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டே இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், அதில் தப்பே இல்லை.

"சார், கொழந்த எடது கைய பிரிக்கமாட்டேங்குதாம். நான் வெச்சிக்கினு இருந்த அந்த நாப்பது நிமிஷத்தாலயா சார்?"

"பொறக்கும்போதே அடி பட்ட மூளை. அதனால இருக்கலாம். உன்னாலயும் இருக்கலாம். யாராலயும் பிரிச்சிச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். உன்னால்தான் என்று சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

பதினோராம் மாதம் குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். இளவரசி என்று பெயர். ரோஜாவே போன் செய்தாள்.

"எம் புள்ளைக்கு வேற மாமன் இல்ல. அதான் கூப்புடறேன்" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். சேரன் புது வேட்டி கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். ரோஜா குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டு, எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தாள். குழந்தையின் முதுகு அவன் நெஞ்சில் பட்டது. தன்னையறியாமல் பின்னால் சாய்ந்து, இருவருக்கும் நடுவில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டான்.

"ரெண்டு கையையும் கெட்டியா புடிச்சிக்கோ, ஊசியத் தட்டிடப்போவுது" என்றார் காது குத்த வந்த பத்தர்.

ஊசி இறங்கியது. இளவரசி தெருவே கேட்கும்படி வீறிட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுடைய வலது கை மூர்க்கமாகத் திமிறி அவன் கட்டைவிரலைக் கீறியது. அதை அடக்க அவன் பலத்தையெல்லாம் போடவேண்டியிருந்தது. இடது கை மூடினது மூடினபடி அவன் உள்ளங்கையில் கிடந்தது. அதைப் பிடிக்கவே தேவையிருக்கவில்லை.